பால் கொட்டகைக் கணக்கும் பகுப்பாய்வு வேதியியலும்

பாயா ரும்புட் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்குப் பாட்டனோ பாட்டியோ பால் மரம் வெட்டியவர்கள். வாளிப் பாலை நிறுத்த பிறகு, கிராணி அதில் 'மெட்ரோலாக்' என்ற மிதவைக் கருவியைப் போட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்து எழுதுவார். தோட்டப் பாலில் அது ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு. மழைநீர் கலந்தால் இறங்கும். எழுதிய எண்ணைச் சரிபார்க்க வெட்டியவருக்கு வழியில்லை.

மெட்ரோலாக் அளப்பது பாலின் அடர்த்தியைத்தான். அதிலிருந்து ரப்பரை ஊகிக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் செய்வது வேறு. கொஞ்சம் பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிசாக அழுத்திக் கழுவி, சூட்டடுப்பில் உலர்த்தி மறுபடியும் நிறுப்பார்கள். நேரம் பிடிக்கும். ஆனால் யார் கேள்வி கேட்டாலும் அந்த எண் நிற்கும்.

பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, சொல்லும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? இம்மூன்றையும் கேட்பதே பகுப்பாய்வு வேதியியல். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டபோது, காற்றில் என்ன வாயு கலந்திருக்கிறது என்பதையே ஊர் முழுக்கக் கேட்டது.

நம் மாணவர்கள் மருத்துவம் கிடைக்காவிட்டால்தான் வேதியியல் பக்கம் திரும்புகிறார்கள். அப்படி வருபவர்களை முதல் ஆண்டிலேயே இரண்டு விஷயங்கள் திணறடிக்கும். ஒன்று, புள்ளியியல். இயந்திரம் காட்டும் எண்ணை அப்படியே எழுதினால் போதாது. பிழை எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும்.

மற்றது நேர்மை. படிவம் 4-இல் பியூரெட்டைப் பிடித்து டைட்ரேஷன் செய்தவர்களுக்குத் தெரியும்: முதல் தடவை 24.80 மில்லிலிட்டர், அடுத்து 25.30. ஒத்து வரவில்லையே என்று இரண்டாவதை 24.90 ஆக்கிவிடும் கை நம்மில் பலருக்கு உண்டு. மதிப்பெண் கிடைத்துவிடும், யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றும். அதே கை நாளை குடிநீரில் ஈயத்தை அளக்கப் போகிறது. திருத்துவதை விட்டு மூன்றாம் தடவை செய்யுங்கள். மாணவருக்கு நேரமில்லை என்றால் ஆசிரியர் நேரம் கொடுக்கட்டும். நம் பாடத்திட்டம் சரியான விடைக்குக் கொடுக்கும் மரியாதையை உண்மையான விடைக்குக் கொடுப்பதில்லை என்பது எங்கள் வருத்தம்.

சேர விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. திரெங்கானு மலேசியப் பல்கலைக்கழகத்தில் பகுப்பாய்வு, சுற்றுச்சூழல் வேதியியல் என்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. மற்ற இடங்களில் வேதியியல் பட்டத்துக்குள் இதைப் படிக்கலாம். இந்நாட்டில் வேதியியலராகத் தொழில் செய்ய, 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவு வேண்டும். யூபியூ விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன், நீங்கள் தேர்ந்தெடுக்கும் பட்டத்தை அக்கழகம் ஏற்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பட்டம் வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.