சிறிய கோப்பை, பெரிய வாசல்

உலகக் கோப்பையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். ஜெர்மனியின் சிறிய வட்டாரக் கோப்பைகளே நமக்கு நல்ல பாடம் என்பது எங்கள் கருத்து.

அங்கே 21 வட்டாரக் கால்பந்துச் சங்கங்கள் ஆண்டுதோறும் 'நாக் அவுட்' முறையில் கோப்பைப் போட்டி நடத்துகின்றன. தோற்ற அணி வெளியேற வேண்டியதுதான். வென்ற அணியோ 64 அணிகள் மோதும் தேசியக் கோப்பையில் இடம் பெறும். முதல் சுற்றில் பெயர்பெற்ற தொழில்முறை அணியும் அச்சிற்றணியின் மைதானத்திற்கே வந்து ஆட வேண்டும்! சார்லாந்து வட்டாரக் கோப்பை வழியே சென்ற நான்காம் நிலை அணியான சார்புரூக்கன், 2020இல் தேசியக் கோப்பையின் அரையிறுதி வரை முன்னேறியது.

மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை பெண்கள் கால்பந்தைச் சங்கமே தடை செய்திருந்தது. வாசல் திறந்த பின், ஜெர்மன் பெண்கள் 2003லும் 2007லும் உலகக் கோப்பையை வென்றனர்.

நமக்கும் திறமை குறைவன்று. மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றதே!

"படிப்பு கெடும்" என்பார்கள் பெரியோர். 16 பள்ளிகள் ஒன்றோடொன்று மோதினால் 120 ஆட்டங்கள். நாக் அவுட் முறையிலோ 15 ஆட்டங்களே போதும். எனவே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர்ப் பள்ளி மாணவியர்க்கு ஒரு கால்பந்துக் கோப்பை வேண்டும். அதில் வெல்பவர்க்கு மேற்போட்டியில் இடமும் வேண்டும். தோழியரே, முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும், களம் கண்டவர்கள் என்ற பெருமை நமக்கு உண்டல்லவா?