'ஃபிட் ஆகிவிடும்' என்றால் வாங்காதீர்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார்புரேட்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கூடுதல் ரேம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போயிருப்பீர்கள். கடைக்காரர் முதலில் கேட்பதே "மதர்போர்டு என்ன மாடல்?" என்றுதான். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ரேம் உட்காராது. அதில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். தவறான பாகத்தை ஸ்லாட்டே தடுத்துவிடுகிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் புதுப்பேட்டையில் பழைய கார் பாகம் தேடுபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தவறான பாகமும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

எங்கள் ஊர் நசரத்பேட்டை. இங்கே பெரியப்பா வைத்திருக்கும் 1986 பிரீமியர் பத்மினியை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். சிக்னலில் நின்றால் இன்ஜின் வேகம் தானாக ஏறி இறங்கும். கார்புரேட்டரின் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. மாற்று ஷாஃப்ட் கொடுத்த கடைக்காரர், "இதுவும் சோலெக்ஸ்தான் தம்பி, ஃபிட் ஆயிடும்" என்றார். ஃபிட் ஆனது. ஏறி இறங்குவது மட்டும் நிற்கவில்லை!

காரணம் எளிது. இன்ஜின் இழுக்கும் காற்று கார்புரேட்டரின் குறுகலான கழுத்து வழியே விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் ஜெட் வழியாக பெட்ரோல் மேலே வருகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. எவ்வளவு கலவை உள்ளே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பட்டர்ஃப்ளை என்கிற வட்டத் தகடு. அதைத் திருப்புவது அந்த ஷாஃப்ட். ஷாஃப்டைச் சுற்றி இடைவெளி இருந்தால் கணக்கில் வராத காற்று நுழைந்துவிடும். இது புரியாமல் பலரும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். (பிரின்டர் டிரைவர் தவறாக இருக்க, விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்பவர்களைப் போல!)

ஐட்லிங் கோளாறாவது எரிச்சலோடு போய்விடும். பட்டர்ஃப்ளை தகட்டின் விளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருக்கும். சரிவு மாறிய தகட்டைப் போட்டால் அது துளைக்குள் சிக்கிக்கொள்ளலாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் நீங்கள் காலை எடுத்த பிறகும் வேகம் குறையாது. தகட்டைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களின் நுனியை விரித்து அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் ஒன்று கழன்று நேராக சிலிண்டருக்குள் போகும். இந்த இரண்டிலும் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது என் கருத்து.

"மாருதி 800 கார்புரேட்டரையே மாட்டிவிடு" என்பவர்களும் உண்டு. அது 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜினுக்குச் செய்தது. பத்மினி 1089 சிசி, 4 சிலிண்டர். வண்டி ஓடலாம். எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் சரியான பாகம் எது? பாகத்தின் மேலேயே எழுதியிருக்கிறது. சோலெக்ஸ் பெயரில் 32 என்று இருந்தால் த்ராட்டில் துளை 32 மி.மீ. மெயின் ஜெட்டில் 120 என்றால் துளை 1.20 மி.மீ. அங்கே 130 போட்டால் 0.1 மி.மீ. தானே என்று தோன்றும். துளையின் பரப்போ 17 சதவீதம் கூடிவிடுகிறது.

அம்பாசடர், பத்மினி காலத்து சோலெக்ஸ் கார்புரேட்டர்கள் நம் சென்னையில், கார்புரேட்டர்ஸ் லிமிடெட்டில் செய்யப்பட்டவை. 2000-இல் மாருதி 800-க்கே எம்பிஎஃப்ஐ வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் புதிய பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. கார்புரேட்டர் பழகிய கைகள் குறைந்துகொண்டே போகின்றன. அவர்கள் மனதில் இருக்கும் எண்கள் எங்கும் பதிவாகவில்லை.

உங்கள் புதிய கம்ப்யூட்டரை இதற்குப் பயன்படுத்துங்கள். மெக்கானிக் பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் செல்போனில் படமெடுத்து 01, 02 என்று வரிசையாகப் பெயரிட்டு ஒரு ஃபோல்டரில் போடுங்கள். பழைய ஷாஃப்டைத் தேயாத இடத்தில் வெர்னியர் காலிப்பரால் அளந்து, ஜெட் எண்களோடு எக்செல்லில் குறித்துவையுங்கள். பம்ப் டயாஃப்ரம், கேஸ்கெட் வாங்கும்போது எத்தனாலைத் தாங்குமா என்று கேளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகலாம்.

அந்த அட்டவணையை ஒரு பிரின்ட் எடுத்து காரிலேயே வைத்துவிடுங்கள். பென் டிரைவில் இன்னொரு காப்பி இருக்கட்டும்.