மாலும் மயக்கமும்

சின்னாளப்பட்டி நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் வகுப்பில் எழுந்து, "ஐயா, 'மால்' என்பதற்குத் தமிழ் என்ன?" என வினவினான். "பேரங்காடி. 'மால்' என்ற சொல் தமிழிலும் உண்டு, மயக்கம் என்பது அதன் பொருள்களுள் ஒன்று" என்றேன்.

அம் மயக்கம் இன்று கலைந்து வருகின்றது. நைட் பிராங்கு என்னும் நிலமனை ஆய்வு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையைக் காண்க. நூற்றுக்கு நாற்பது பங்குக்குமேல் வெறுமையாய்க் கிடக்கும் பேரங்காடிகள் இந்தியப் பெருநகரங்களில் 2022-இல் 57, 2023-இல் 64. அவற்றின் பரப்பு 1 கோடியே 33 இலக்கம் சதுர அடி. அவற்றால் நேர்ந்த இழப்பு 6,700 கோடி உருபா. 'பேய் அங்காடி' என்றே அவற்றுக்குப் பெயரிட்டுள்ளனர்.

சென்னை அண்ணாசாலையின் இசுபென்சர் பிளாசா நாம் அறிந்த சான்று. வெள்ளையர் ஆட்சியில் 1863-இல் தோன்றிய கடை அது. பழைய கட்டடம் எரிந்தபின், 1991-இல் பேரங்காடியாய்த் திறக்கப்பட்டது. வெளியூரார் தேடிச்சென்று வியந்த அவ்விடத்தில் இன்று பூட்டிய கடைகள் பல.

வீழ்ச்சியின் கரணியம் யாது? சந்தையில் கடை விரிப்பவன் விற்கும் நாளுக்கு மட்டும் கட்டணம் செலுத்துகிறான். பேரங்காடிக் கடைக்காரனோ, ஆள் வாராத நாளுக்கும் குடிக்கூலியும் குளிரூட்டும் செலவும் தரவேண்டும். கடைகளைத் தனித்தனியே விற்றுவிட்ட கட்டடங்களில் பேணுவார் எவருமிலர். 2010-இல் எக்சுபிரசு அவென்யூவும் 2013-இல் பீனிக்சும் சென்னையில் எழுந்தன, பழையன தேய்ந்தன. ஆக, பேரங்காடிகள் யாவும் சாயவில்லை. சிறியன சாகின்றன, பெரியன கொழுக்கின்றன.

"நன்று, தொலைந்தது!" என மகிழும் தோழர்களே, சற்றுப் பொறுங்கள். அங்கிருந்து வெளியேறியவர் எல்லாரும் நம் கடைத்தெருவிற்கா திரும்பினர்? பெரும்பகுதியினர் கைப்பேசிக்குள் புகுந்தனர். 2013-இல் அமேசான் இந்நாட்டு விற்பனையில் இறங்கியது. 2018-இல் அமெரிக்க வால்மார்ட்டு 1,600 கோடி தாலர் கொடுத்துப் பிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. மயக்கம் தெளியவில்லை, இடம் மாறியது, அவ்வளவே.

இதன் பொருளியலை உணர்க. எம் ஆத்தூர்ப் பக்கத்து உழவன் கிழமைச் சந்தையில் வெங்காயம் விற்ற காசு, அன்று மாலையே துணிக்கடைக்கும் தையற்காரனுக்கும் தேநீர்க் கடைக்கும் செல்லும். ஒரே காசு ஊருக்குள் நால்வருக்குச் சோறிடும். கைப்பேசியில் செலுத்திய காசின் ஊதியம் கடல்கடந்து போகும். ஊரில் எஞ்சுவது அட்டைப் பெட்டியும் அதைச் சுமந்து வந்த இளைஞனின் குறைகூலியுமே.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அலிகாரின் பொறிவினைப் பூட்டு மலிவென்று நாமே அதை வாங்குகிறோம். நம் பூட்டுத் தொழிலாளி பட்டறையை விட்டு வெளியேறுகிறான். சாத்திய கடைகளில் தொங்கும் பூட்டும் நம்முடையதன்று!

நாளங்காடி, அல்லங்காடி எனப் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிக் கடைத்தெருவை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. வணிகம் தமிழனுக்குப் புதிதன்று. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தரகனின்றி விற்கவும் நம்மால் இயலும் என்று மெய்ப்பித்தது. தெருவோர வணிகர்க்கு இடம் ஒதுக்க 2014-ஆம் ஆண்டுச் சட்டமே வழி சொல்கின்றது. ஊர்தோறும் அதைக் கேட்டுப் பெறவேண்டியது நம் கடமை.

எனவே, தமிழ்ப் பெயர்ப்பலகை எழுதச் சொல்வதோடு நம் பணி முடிந்துவிடாது. அப் பலகையின்கீழ் விற்பவன் தமிழனா, விற்கும் பொருளை நெய்தவனும் வார்த்தவனும் விளைத்தவனும் வாழ்கின்றனரா எனவும் பார்த்தல் வேண்டும். அடுத்த பொங்கலுக்குச் சின்னாளப்பட்டிச் சேலை ஒன்று, திண்டுக்கல் பூட்டு ஒன்று, நேரிற் சென்று வாங்குங்கள். அன்று வகுப்பில் வினவிய அப் பிள்ளையின் வீட்டுத் தறி ஓய்ந்துவிட்டால், அவனுக்கு நாம் கற்பித்த சொல்லால் என்ன பயன்?