வீட்டில் பீர் காய்ச்சலாமா?

"வீட்டிலேயே பீர் காய்ச்சுவது எப்படி?"

பட்டணத்து இளைஞர்கள் மட்டும் அல்ல, பட்டுத் தறி ஓடும் வெம்பாக்கம் பக்கத்து இளைஞர்களும் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். பார்லி, ஈஸ்ட், ஒரு பெரிய ஜாடி. இந்த மூன்றும் இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். செல்போனில் படம் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரிகிறது.

இங்கிலாந்தில் 1963-ம் ஆண்டு முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் காய்ச்சிக் குடிக்கலாம். அமெரிக்காவில் அதற்கு 1978-ல் சட்டம் செய்தார்கள். அங்கே அது பொழுதுபோக்கு.

இங்கே அது குற்றம்.

சட்டம் பழையது. 1937-ல் ராஜாஜி ஆட்சியில் வந்தது. முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1939-ல் வட ஆர்க்காட்டுக்கும் வந்தது. வெம்பாக்கம் அப்போது வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. பிறகு மதுக்கடைகளைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடியும் திறந்தார்கள். 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் கடைகளில் சில்லறையாக விற்கிறது. ஆனாலும் அந்த 1937-ம் ஆண்டுச் சட்டம் போகவில்லை. உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் தயாரிக்கக் கூடாது. பீரும் அதில் அடக்கம். காய்ச்சிய பாத்திரத்தைக் கூடப் பறிமுதல் செய்யலாம்.

"கடையில் விற்கலாம், வீட்டில் காய்ச்சக் கூடாதா?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வழக்கு என்று வந்தால் கோர்ட்டுக்கு அலைவது யார்? தறி நின்றால் கூலி நின்றது. அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தண்டனையை இன்னும் கடுமையாக்கி விட்டார்கள். அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால் என்ற தொழிற்சாலை விஷம். பார்லி புளித்ததால் வந்த விஷம் அல்ல. அது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தை வாசலில் வந்து நிற்கும் போலீசாரிடம் விளக்கிக் கொண்டிருக்க முடியுமா?

ஆகவே, பீர் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் தானியத்தைப் புளிக்க வைக்கக் கற்றுக்கொள்ளும் ஆசை நல்ல ஆசை. அதை விட வேண்டாம். அந்தக் கலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கேழ்வரகுக் கூழைத்தான் சொல்கிறேன்.

ஒரே தானியம்

பீருக்கும் கூழுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம்.

கேழ்வரகு ஆப்பிரிக்காவில் தோன்றிய தானியம். உகாண்டாவில் இன்றும் அதில் பீர் காய்ச்சுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டுச் சிக்கிமில் 'தோங்பா' என்று ஒரு பானம் உண்டு. வேக வைத்த கேழ்வரகில் 'மர்ச்சா' என்ற நொதி வில்லையைப் பொடித்துத் தூவிப் பல நாள் மூடி வைப்பார்கள். பிறகு அதில் வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழல் வைத்து உறிஞ்சுவார்கள். போதை ஏறும்.

நம் ஊர்ப் பக்கம் 'கேவுரு' என்று சொல்கிறோமே, அதே தானியம்தான்! அங்கே ஈஸ்ட் முந்திக் கொள்கிறது. சாராயச் சத்து உண்டாகிறது. இங்கே தயிரை உறைய வைக்கும் இனத்து நுண்ணுயிர்கள் முந்திக் கொள்கின்றன; புளிப்பு உண்டாகிறது. மறுநாளே குடித்து விடுவதால் கூழில் போதைக்கு இடம் இல்லை. வயிறு குளிரும், அவ்வளவுதான்.

காய்ச்சும் முறை

முதல் தடவை கொஞ்சமாகச் செய்யுங்கள். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு, கால் டம்ளர் அரிசி நொய் போதும்.

காலையில் மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து மூடி வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் கரையுங்கள். இல்லாவிட்டால் புளிக்க வைக்கும் நுண்ணுயிரும் சேர்ந்து செத்துப் போகும். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் போதும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே சிறு குமிழிகள் வரும். மோர் வாசனை அடிக்கும். அதுதான் பக்குவம்.

பழைய பாவின் நுனியில் புதுப் பாவின் இழைகளைப் பிணைப்பது நெசவாளிக்குத் தெரியும். கூழிலும் அப்படி ஒரு பிணைப்பு உண்டு. நேற்றைய கூழின் மேல் நிற்கும் புளித்த நீரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுக் கரைசலில் ஊற்றுங்கள். சீக்கிரம் புளிக்கும். கெட்டுப் போகாது. பீர் காய்ச்சுகிறவர்களும் பழைய ஈஸ்டை இப்படித்தான் எடுத்து வைத்துக் கொள்கிறார்கள்.

இரவு மூன்று டம்ளர் தண்ணீரைக் கொதிக்க விட்டு நொய்யைக் குழைய வேக வையுங்கள். புளித்த மாவை ஊற்றி, தீயைக் குறைத்து, துடுப்பால் விடாமல் கிண்டுங்கள். நடுவில் செல்போனைப் பார்க்கப் போனால் அடி பிடித்து விடும்! கால் மணி நேரத்தில் கெட்டியாகும். விரலை நனைத்து மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாவிட்டால் வெந்து விட்டது. ஆறிய பிறகு பானையில் ஊற்றி மூடி வையுங்கள். அது இரவெல்லாம் இன்னும் கொஞ்சம் புளிக்கும்.

மறுநாள் காலை தண்ணீர், உப்பு, மோர் விட்டுக் கையால் கரைக்க வேண்டும். சின்ன வெங்காயம், மோர் மிளகாய் போதும். கருவாட்டுக் குழம்பு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பானைதான் முக்கியம்

பீர் காய்ச்சுகிறவர்களுக்கு முதல் பாடம் சுத்தம். கூழுக்கும் அதுவே. மண்பானை உத்தமம். எவர்சில்வரும் சரி. அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பு நிற்கக் கூடாது. புதுப் பானையில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, தினமும் மாற்றி, மூன்று நாள் பழக்குங்கள். மண்பானைக்குச் சோப்பு போட வேண்டாம். பானை அதைக் குடித்து விடும். தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெயிலில் கவிழ்த்தால் போதும்.

வாயை இறுக்கி அடைக்காதீர்கள். புளிக்கும்போது காற்று உண்டாகும். மேல்நாட்டில் அவசரப்பட்டுப் பீரைப் பாட்டிலில் அடைத்தவர்கள் வீட்டில் பாட்டில் வெடித்துக் கண்ணாடி சிதறுவது உண்டு. பானைக்கு ஒரு தட்டு போதும்.

கூழின் மேல் பச்சை, கறுப்பு, சிவப்பு நிறத்தில் பூசணம் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டி விடுங்கள். மேலாக வழித்து எறிந்து விட்டு மீதியைக் குடிக்கலாம் என்ற சிக்கனம் வேண்டாம். நூல் நூலாக இழுத்தாலும், நாற்றம் அடித்தாலும் அப்படியே செய்யுங்கள்.

இதன் பலனும் சிறியது அல்ல. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. புளிக்க வைத்தால் இரும்புச் சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும். நாள் முழுவதும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு எலும்புக்கு வலு வேண்டாமா? ஆனால் சர்க்கரை வியாதிக்குக் கூழ் மருந்து என்று சிலர் சொல்வதை நம்பிச் சொம்பு சொம்பாகக் குடிக்காதீர்கள். கூழும் மாவுச் சத்துதான். வியாதி உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக் கொள்ளட்டும்.

ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது வரிசையில் நிற்கிறோம். கோடையில் ரோட்டோரக் கடையில் காசு கொடுத்துக் குடிக்கிறோம். வீட்டில் மட்டும் கூழ்ப்பானை பரண் மேல் ஏறி விட்டது. "அது ஏழை ஆகாரம்" என்று ஒரு வெட்கம். பீர் ஜாடியைக் கூடத்தில் வைக்க வெட்கம் இல்லையாம், கூழ்ப்பானையை வைக்க வெட்கமாம்!

இன்னொன்று. மாவு கரைப்பதும் கிண்டுவதும் பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். பீர் காய்ச்ச ஆசைப்பட்டது அவர்கள்தானே? துடுப்பை அவர்கள் கையில் கொடுங்கள்.

முதல் தடவை புளிப்பு அதிகமாகி விட்டால் பயப்பட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டு, தெளிந்ததும் மேல் நீரை இறுத்து விட்டு, புதிய மோர் சேர்த்துக் கரையுங்கள். அடுத்த தடவை இரண்டு மணி நேரம் முன்னதாகவே அடுப்பில் ஏற்றி விடுங்கள்.