அறுக்குளாவுக்கு யார் சாட்சி?

மார்ச் திருவிழாவுக்குத் தலவில போனவன், மறுநாள் விடியவே கடற்கரைக்கு இறங்கினேன். வள்ளங்கள் கரை சேர்ந்திருந்தன. கற்பிட்டியிலிருந்து மீன் எடுக்க வந்த நானா ஒருவர் ஈரமணலில் குந்தியிருந்து மீன்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். தமிழ் விக்கிப்பீடியாவில் நான் கைவைத்திருந்த மீன் பக்கமொன்றைக் கைபேசியில் திறந்து அவரிடம் காட்டினேன். கொஞ்சம் பெருமைதான். 'சீலா' என்ற பெயரை அதில் சேர்த்தவன் நான்.

"இது அறுக்குளாவெல்லா தம்பி. சீலா எண்டா இந்தா கெடக்கு" என்று பக்கத்தில் கிடந்த ஒடுங்கிய மீனின் வாயை விரலால் பிளந்தார். நாய்ப்பல் மாதிரி, வரிசை குலைந்த பற்கள்.

நான் பார்த்தெழுதிய புத்தகம் தூத்துக்குடிப் பக்கத்தது. அங்கே சீலா என்றால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்பது, நாங்கள் அறுக்குளா என்பது. எங்கள் இலங்கைக் கரையில் சீலா வேறு குடும்பத்து மீன். எதிரெதிர்க் கரைகள், ஒரே பெயர், இரண்டு மீன். அன்றிரவே எந்தப் பெயர் எந்தக் கரைக்கு உரியது என்று பிரித்து எழுதினேன். நாலைந்து நிமிட வேலை.

"யாரும் எழுதலாமாம், அதை எப்படி நம்புவது?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை அவல் கிடைத்த மாதிரி. பார்த்தீர்களா, பிழை புகுந்துவிட்டதே என்பார்கள். புகுந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வந்த வழியாலேயேதான் வெளியேயும் போனது. அந்த வழியை அடைத்திருந்தால் பிழை உள்ளேயே குடியிருந்திருக்கும்.

இந்த அவநம்பிக்கைக்குப் பட்டம் பெற்ற ஆதரவாளர்களே அதிகம். என் அக்காவின் மகள் உயர்தர உயிரியலுக்குச் செய்த ஒப்படையில், உசாத்துணைப் பட்டியலில் விக்கிப்பீடியாவைச் சிவப்பு மையால் வெட்டி, 'ஏற்கப்படாது' என்று எழுதியிருந்தார் அவளுடைய ஆசிரியர். பிள்ளை என்ன செய்தாள்? பந்தியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பட்டியலில் மட்டும் 'இணையம்' என்று போட்டுக் கொடுத்தாள். சரி அடையாளம் விழுந்தது. ஒரு தகவலைச் சோதிப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எடுத்த இடத்தை மறைக்க மட்டும் கற்றுக்கொண்டாள்.

எதிர்த்தரப்பின் கையில் இருப்பதிலேயே பலமான ஆயுதத்தை நானே எடுத்துத் தருகிறேன். 2008இல் அமெரிக்க மாணவன் ஒருவன், தென்னமெரிக்காவில் வாழும் கோவாட்டி என்ற விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயருண்டு என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாக எழுதிவைத்தான். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவுக்கே உரியது. இரண்டுக்கும் உறவே இல்லை. 2014இல் அந்தக் குறும்பு செய்தியாகும்வரை பெயர் ஊரெல்லாம் சுற்றியது. அது விக்கியின் தோல்வி, சந்தேகமில்லை. ஆனால் அதை ஊர்சுற்ற வைத்தவர்கள் யார்? லண்டன் நாளிதழ்கள். பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூல். சம்பளம் வாங்கும் பதிப்பாசிரியர்கள் இருக்கும் இடங்கள்தான். பக்கத்தின் அடியில் சான்று இருக்கிறதா என்று அவர்களில் ஒருவராவது குனிந்து பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

'நேச்சர்' ஆய்விதழ் 2005 டிசம்பரில் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து, விக்கிப்பீடியா எது பிரிட்டானிக்கா எது என்று சொல்லாமல் துறை வல்லுநர்களிடம் திருத்தக் கொடுத்தது. விக்கியில் 162 குறைகள், பிரிட்டானிக்காவில் 123. பெரும்பிழைகள் இரண்டிலும் நாலு நாலு. பிரிட்டானிக்கா இந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்தது, மறுக்கட்டும். வல்லுநர் எழுதினால் பிழையே இராது என்ற நினைப்பு அத்தோடு போயிருக்க வேண்டும், போகவில்லை.

பெரியசாமித் தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தை நான் தொட்டுக் கும்பிடுவேன். 1954இல் முதல் தொகுதி வந்தது, 1968இல் பத்தாவதோடு நிறைவெய்தியது. மறுவருடமே உயிரியலாளர் விற்றேக்கர், பூஞ்சைகளுக்கும் தனி இராச்சியம் தரும் ஐந்து இராச்சிய வகைப்பாட்டை வெளியிட்டார். அச்சேறிய தொகுதி என்ன செய்யும், பாவம். உயிரியல் அப்படித்தான், வருடாவருடம் தன் குடும்ப அட்டையைத் திருத்திக்கொண்டிருக்கும். அதனாலோ என்னவோ, 'ஆர்என்ஏ பயாலஜி' என்ற ஆய்விதழ் 2008இல் புதிய ஆர்என்ஏ குடும்பங்களைப் பற்றி எழுதுவோரிடம் விக்கிப்பீடியாவுக்கும் ஒரு கட்டுரை கேட்டு வாங்கத் தொடங்கியது. எங்கள் ஆசிரியர்கள் வெட்டுகிற இடத்துக்கு அந்த ஆய்வாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை ஆயிரம் கண்கள் பார்க்கும். தமிழில்? 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்தில் இலங்கைக் கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் ஏறக்குறையத் தனியாளாக இருந்து கட்டினார். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் ஒரு கடற்புல்லைப் பற்றியோ ஒரு நண்டைப் பற்றியோ பிழையாக எழுதிவிட்டால், அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் அந்தப் பக்கம் வர மாதங்கள் ஆகும். யாரும் எழுதலாம் என்பதால் வந்த கேடா இது? யாரும் எழுதாததால் வந்தது.

எனக்கும் விக்கியோடு ஒரு சண்டை உண்டு. நானாவின் வாய்ச்சொல் அங்கே செல்லாது, வெளியிடப்பட்ட சான்று வேண்டும். பிறந்ததிலிருந்து மீனோடு வாழ்ந்தவரின் சொல் எடுபடாது, ஒருநாள் வந்து குறிப்பெடுத்துப் போனவரின் வரி எடுபடும். முதலில் கோபம் வந்தது. பிறகு மன்றோ 1955இல் எழுதிய இலங்கை மீன் நூலைத் தேடிப்பிடித்தேன். அதில் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் உண்டு. அந்தப் பெயர்கள் அவருடைய மேசையில் முளைத்திருக்காது. இப்படி எவரோ ஒரு நானா மீனின் வாயைப் பிளந்து சொல்லித்தான் அச்சுக்குப் போயிருக்கும்.

ஒப்படையை வெட்டிய ஆசிரியரை ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தேன். விக்கிப்பீடியா என்றதும் கையை உதறினார். "எவனெவனோ எழுதுறான் சேர்" என்றார். பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பியது. தட்டில் பொரித்த மீன் துண்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இது அறுக்குளா இல்ல, சீலா. ஏமாத்திப்போட்டாங்க" என்றார். அவர் பிறந்து வளர்ந்தது கற்பிட்டியில்.