நிவாரணத்தை நம்பி மாடு வளர்க்கலாமா?

இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழையை அடுத்த வெள்ளியாமற்றத்தில், 2024ஆம் ஆண்டு பிறந்த வேளையில், பள்ளி மாணவர் ஒருவர் பராமரித்து வந்த 13 மாடுகள் மாண்டன. தீவனமாக இட்ட மரவள்ளிக்கிழங்குத் தோலிலிருந்த சயனைடு நஞ்சே காரணம். செய்தி பரவியதும், ஐந்து கறவைப் பசுக்களைக் காப்பீட்டுடன் வழங்குவதாகக் கேரள அரசு அறிவித்தது. திரைக் கலைஞர்களும் உதவினர். பாராட்டுக்குரிய செயல்தான்.

ஆயினும், பாலக்காட்டின் சித்தூரிலோ இடுக்கியின் மறையூரிலோ ஒற்றைப் பசு இறந்தால் அது செய்தியாவதில்லை. அரசின் பேரிடர் நிவாரணமும் வெள்ளம், நிலச்சரிவு போன்ற பேரிடர்களுக்கே உரியது. அதிலும், 2022–26 காலத்துக்கான மத்திய அரசு விதிமுறை, கறவைப் பசு ஒன்றுக்கு 37,500 ரூபாயே நிர்ணயித்தது. குடும்பத்துக்கு மூன்று பெரிய கறவை மாடுகள் என்பது வரம்பு. நல்ல கலப்பினப் பசுவை அத்தொகையில் வாங்குவது அரிது.

ஆகவே, கால்நடைக் காப்பீட்டைக் கடனோடு வரும் பிடித்தமாக எண்ணலாகாது. கடன் தீர்ந்த பின்னரும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். மாட்டின் காதுவில்லை தொலைந்தால் உடனே தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும். வில்லையின்றி இழப்பீடு கோருவது கடினம். மாடு இறந்தால், புதைக்குமுன் கால்நடை மருத்துவரின் சான்று பெறுதல் இன்றியமையாதது. இவற்றைக் கடன் வழங்கும் நாளிலேயே எடுத்துரைப்பது வங்கிகளின் கடமை.

பால் பணத்தில்தான் பிள்ளைகளின் படிப்பு நடக்கிறது. அதனை அரசின் இரக்கத்துக்கு மட்டுமே விட்டுவைத்தல் தகாது.