இரண்டாம் தடவை கடை திறப்பவர்கள்

இந்த வாரம் எனக்குக் கோபமூட்டியது ஒரு படிவம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு தையல் கடை போட வேண்டும் என்று ஆசை. சுயதொழில் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போயிருக்கிறாள், முடிவில் கடன் விண்ணப்பம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். "சேர், இதக் கொஞ்சம் நெரப்பித் தாங்க" என்று நீட்டினாள். முதல் கட்டத்தில் நிரந்தர விலாசம். அடுத்து காணி உறுதி இலக்கம். அதற்குக் கீழே வியாபாரப் பதிவு இலக்கம். மூன்று கட்டத்திலும் எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. வகுப்பில் சொன்னதைப் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்: தோட்டத்து ஆட்களுக்குத் தொழில் முனைப்புக் குறைவு, முதலில் மனநிலை மாற வேண்டும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பழைய வழக்கு தெரியும். லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபாற்கந்தோர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபிசுக்குப் போய், அங்கே கிடந்து, யாராவது அந்தப் பக்கம் வருபவர் கையில் வீட்டுக்கு வர வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளைப் பற்றி இங்கே பல தடவை எழுதிவிட்டேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் ஒரு பாதைக்குக்கூடச் சபை தன் பணத்தைச் செலவழிக்க விடாமல் வைத்திருந்தது. அதைத் திருத்த 2018 ஆயிற்று. முப்பது வருடத்துக்கு மேல், வாக்குப் போடும்போது சபையின் மக்கள், பாதை கேட்கும்போது கம்பெனியின் ஆட்கள். காணி இன்றும் கம்பெனி குத்தகையில். இத்தனையையும் இப்படி வைத்துக்கொண்டு மனநிலையை மாற்றச் சொல்வது அநியாயம். திரும்பத் திரும்ப எழுதுகிறீர்களே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: லயத்துக் காம்பராவுக்கு ஓர் இலக்கம் கிடைக்கும் வரை எழுதுவேன்.

ஆனால் அன்று இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பென்சில் வரி. தோட்டத்து ஆட்களுக்குத் தொழில் முனைப்புக் குறைவாம். மலையக நகரங்களின் பஸார் வீதிகளில் நடந்து பார்த்தவர் வாயில் இந்தச் சொல் வராது.

அப்பாவின் பழைய சம்பளச் சீட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலே பேர் எத்தனை, அதாவது வேலை செய்த நாள் எத்தனை, கைக்காசு எவ்வளவு. கீழே கழிவுகள் ஒரு நீண்ட வரிசை: சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில், தேயிலைத் தூள், தீபாவளி அட்வான்ஸ். நடுவில் இரண்டு சிறு கட்டங்கள், டோபி, பாபர். துணி வெளுப்பவருக்கும் முடி வெட்டுபவருக்கும் உரிய காசைத் தோட்டமே சம்பளத்தில் கழித்துக் கொடுத்தது. என்ன விலை என்று தொழில் செய்தவரை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக வருவார். வாசலில் ஒரு பலகைப் பெட்டி, அதில் ஆள் உட்கார, அவர் குனிந்து நின்று வெட்டுவார். கலியாணத்துக்கும் சாவுக்கும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், பந்தியில் கடைசியில் உட்கார வைப்பார்கள். வயதில் இளையவர்களும் அவரை ஒருமையில்தான் பேசினார்கள். தொழில் இருந்தது, திறமை இருந்தது, வாடிக்கை இருந்தது. அதை வியாபாரம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் விலை அவர் கையில் இல்லை.

அவரைப் போன்றவர்களின் பிள்ளைகள்தான் பிறகு டவுனில் ஒரு கண்ணாடியும் சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டு சலூன் திறந்தார்கள். சுவரில் விலைப்பட்டியல் தொங்கியது. பெஞ்சில் வீரகேசரியும் தினகரனும் கிடந்தன. லயம் தேடி நடந்த கால்கள் நின்றன, தலைகள் கடை தேடி வந்தன. தொழில் முனைப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எந்தப் பயிற்சி வகுப்பில் கிடைக்கும்?

எழுத்தாளர் டொமினிக் ஜீவாவின் தன்வரலாறான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' புத்தகத்தை இந்த வாரம் மறுபடியும் எடுத்தேன். அவர் மலையகத்தவர் அல்ல, யாழ்ப்பாணத்துக்காரர். ஆனாலும் சிறுதொழில் செய்பவர்கள் வாசிக்க ஈழத்துத் தமிழில் இதற்கு நிகரான நூல் எனக்குத் தெரியாது. 1927இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் சாதியைச் சொல்லி அவமதிக்கப்பட்டு, படிப்பை விட்டு, முடி வெட்டும் குடும்பத் தொழிலுக்கு வந்தவர். தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்திருந்த தமிழகக் கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றால் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூனில் முடி வெட்டிக்கொண்டே கதை எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஆகஸ்டில் அந்தச் சலூனிலிருந்தே 'மல்லிகை' என்ற மாத இதழைத் தொடங்கினார். நானூறுக்கு மேற்பட்ட இதழ்கள் வந்தன.

இலக்கியக்காரர்கள் ஜீவாவை எழுத்தாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் கொண்டாடுகிறார்கள், அது நியாயம். நான் அவரை ஒரு தொழில்காரராகவும் வாசிக்கிறேன். கடைக்கு வருகிறவரை அமர வைத்து, பேச வைத்து, அடுத்த மாதமும் வர வைக்கத் தெரிந்தவர். அதே வித்தையால்தான் மல்லிகையையும் நடத்தினார். இதழைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஆள் ஆளாகக் கண்டு விற்றார், சந்தாவை முகத்துக்கு முன்னால் கேட்டு வாங்கினார். கூச்சப்படவில்லை. உழைத்து உண்டாக்கிய பொருளுக்கு விலை கேட்பதில் என்ன கூச்சம் என்ற நிமிர்வு அவரிடம் இருந்தது. விலை சொல்லும் உரிமை இல்லாத தொழிலில் பிறந்தவருக்கு அந்த நிமிர்வின் அருமை தெரியும்.

தொண்ணூறுகளில் போர் யாழ்ப்பாணத்தையே பெயர்த்தபோது மல்லிகை நின்றது. ஜீவா கொழும்புக்கு வந்து, ஸ்ரீ கதிரேசன் வீதியில் இடம் பிடித்து மறுபடியும் தொடங்கினார். அப்போது வயது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. சலூன் இல்லை, பழைய அச்சுக்கூடம் இல்லை, பாதி வாசகர்கள் நாட்டிலேயே இல்லை. என்ன மிச்சம் இருந்தது? யார் யார் வாசிப்பார்கள், யார் எழுதித் தருவார்கள், யாரிடம் போய்க் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியும். 2021 ஜனவரியில் அவர் காலமானபோது எழுதிய அஞ்சலிப் பத்தியில் இதைச் சொல்ல இடம் போதவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

இப்படி மறுபடியும் தொடங்கியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. எனக்கு முடி வெட்டும் அண்ணன் ஹட்டனில் கடை வைத்திருக்கிறார். பெட்டியோடு லயம் லயமாக வந்த அந்த மனிதரின் மகன். அவருடைய பெரியப்பா அவருக்கு முன்பே நுவரெலியாவில் சலூன் போட்டவர். 1983 ஜூலை இனக்கலவரத்தில் நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது அந்தச் சலூனும் எரிந்தது. கண்ணாடி, நாற்காலி, ரேடியோ எல்லாம் போயின. கத்தியும் கத்தரிக்கோலும் கை மெஷினும் மட்டும் தப்பின, ஏனென்றால் பெரியப்பா ஒவ்வொரு இரவும் அவற்றைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர். ஒரு மர நாற்காலியை வைத்து மறுபடியும் தொடங்கினார். அண்ணன் கடையில் இன்றும் அந்த வழக்கம் இருக்கிறது. கடை மூடும்போது ஆயுதங்கள் பையில் ஏறும். எது போனால் தொழில் நிற்குமோ அது கடைக்குள் தனியாகத் தூங்கக் கூடாது என்பார்.

2020 மார்ச் ஊரடங்கில் சலூன்கள் மூடின. திறந்தபோது முதலில் வந்தவர்கள் முடி வெட்ட வந்தவர்கள் அல்லர், பழைய பாக்கியைக் கொடுக்க வந்தவர்கள். அண்ணனிடம் ஒரு கொப்பி இருக்கிறது. தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம். அதற்கு முந்திய வாரம் யார் பையிலும் காசு இராது. அந்த வாரம் வெட்டிக்கொண்டு, பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். டிவிஷன் வாரியாகப் பக்கம் பிரித்து, பெயருக்கு எதிரே தொகையும், கொடுத்து முடித்தவர் மேல் ஒரு கோடும் போட்டிருக்கிறார். ஒரு சம்பள நாளைத் தாண்டிக் கடன் ஏற விடமாட்டார். ஏறினால் மனுசன் வெட்கப்பட்டு வேறு சலூனுக்குப் போய்விடுவான், காசும் போய் ஆளும் போய்விடும் என்கிறார். எனக்கு இது பெரிய பாடமாகப் பட்டது. கடனுக்கு எல்லை வைப்பது காசைக் காப்பாற்ற மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அவர் உறவைக் காப்பாற்ற வைக்கிறார்.

பிறகு 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மின்சார மெஷின்கள் செத்துப்போயின. பெரியப்பாவின் கை மெஷினை எண்ணெய் போட்டு எடுத்தார். கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக் கதவுப் பக்கம் மாட்டி, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டார். டீசல் இல்லாமல் பஸ் குறைந்து தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வருவதும் குறைந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கோயில் வாசலுக்கே போனார். நடந்துதான். அப்பா போன அதே பாதை.

மனதுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். கத்தரிக்கோலை நிறுத்தாமல் சொன்னார்: "அப்பா போனது தொர போட்ட கணக்குக்கு, சேர். நா போனது என் கடயக் காப்பாத்த. வெல நாந்தானே சொன்னேன்."

சிறுதொழிலைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதற்குமேல் ஒன்று இல்லை. வேலை அதே வேலை, பாதை அதே பாதை, குனிந்து நிற்பதும் அதேதான். விலை சொல்லும் வாய் மாறியபோது எல்லாம் மாறிவிட்டது.

சலூனுக்கு மட்டும் உரிய கதை இல்லை இது. ஒரு காலத்தில் நம் டவுன்களில் கொமியுனிகேஷன் கடைகள் நிறைந்திருந்தன. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைக்கும், மத்திய கிழக்கில் இருக்கும் மனைவிக்கும் அங்கிருந்துதான் போன் பேசினோம். கையடக்கத் தொலைபேசி வந்ததும் அந்த வியாபாரம் ஒரேயடியாகப் படுத்தது. தாக்குப்பிடித்த கடைகளைப் பாருங்கள். அவை போட்டோக்கொப்பி எடுக்கின்றன, ரீலோட் போடுகின்றன, அடையாள அட்டைப் படம் பிடிக்கின்றன, விண்ணப்பம் எழுதித் தருகின்றன. கூண்டுக்குள் இருந்த டெலிபோனை நம்பியவர் கடையை மூடினார். எழுதப் படிக்கக் கஷ்டப்படும் அம்மா ஒருவர் தன்னிடம் ஏன் வருகிறார் என்று யோசித்தவர், அதே கதவை வேறு தொழிலுக்குத் திறந்து வைத்தார்.

மலையகத்தில் கடை நடத்துபவருக்கு இன்னும் ஒரு பாடம் உண்டு, அது நாட்காட்டி. பத்தாம் திகதி வாரம் கூட்டம். தீபாவளிக்கு முந்திய நாட்களில் சாப்பிட நேரம் இராது. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன், ஹட்டனில் இரவிலும் நடமாட்டம். பிறகு ஜூன், ஜூலை மழை. வீதியில் ஆள் இராது, வாடகை மட்டும் குறையாது. நல்ல மாதத்துக் காசில் மழை மாதத்து வாடகையை முதலில் எடுத்து வைக்காமல் கண்ணாடியும் சோபாவும் லீசிங்கில் எடுத்த இளையவர்களின் கடைகள் இரண்டாவது மழையைக் காணவில்லை. முதல் வருடம் அலங்காரத்துக்குக் கடன் எடுக்காதீர்கள் என்று அண்ணன் தன்னிடம் தொழில் பழகும் பையன்களுக்குச் சொல்கிறார். வேலைக்கு வேண்டிய ஆயுதத்துக்கு எடுங்கள், அதுவும் ஒன்று போனால் ஒன்று கையில் இருக்கும்படி எடுங்கள் என்கிறார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, ரயில் நின்றது. எத்தனையோ சிறு கடைகள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இப்படி ஒவ்வொரு தடவையும் உதவி கேட்டுப் போனால் ஒரே கேள்விதான் எழுகிறது: பதிவு இருக்கிறதா, உறுதி இருக்கிறதா? பதிவு செய்ய இடத்துக்கு உறுதியோ வாடகை ஒப்பந்தமோ காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பலரிடம் அப்படி எதுவும் இல்லை. ஆகவே, பல வருடம் தொழில் செய்தவரும் அரசாங்கத்தின் கண்ணில் தொழில் செய்யாதவர்.

பிரதேச சபை உறுப்பினர்களிடம் நான் கேட்பது ஒன்று. அண்ணன் வைத்திருப்பது போன்ற கடன் கொப்பியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிவிஷன் வாரியாகப் பெயரும் தொகையும் எழுதி, கொடுத்து முடித்தவர் மேல் கோடு போட்ட கொப்பியைவிட, ஒரு வியாபாரம் நடந்ததற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அதில் பெயர் உள்ளவர்கள் சிலரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கிராம உத்தியோகத்தரை ஒப்பமிடச் சொல்லுங்கள், அதன்பேரில் வியாபாரப் பதிவைக் கொடுக்கும்படி பிரதேச செயலகத்தைக் கேளுங்கள். உறுதியும் விலாசமும் வரும்போது வரட்டும், அதற்காக நான் இங்கே தொடர்ந்து சண்டை பிடிப்பேன். எரிந்தும் மூடியும் இருண்டும் சரிந்தும் போன பிறகு மறுபடியும் கடை திறக்கிறவர்களுக்குத் தொழில் முனைப்பைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அடுத்த சபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினராவது இதைப் பிரேரணையாகக் கொண்டுவந்தால் போதும். எந்தச் சபை, யார் கொண்டுவந்தார், யார் எதிர்த்தார் என்பதை இதே இடத்தில் பெயரோடு எழுதுவேன்.